மாவிஸ், அவன்கிட்ட சொல்லு

— நெட்டு கண்ணு, ஞாயித்துக்கிழமை மத்தியானம், வெளில மழை வேற. ஊரே என் பப்புலதான் சாப்பிட உக்காந்திருக்கு. உனக்கு இடம்னா உங்க அண்ணன் மேஜைதான். இல்லேன்னா வாசல்ல குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு தின்னு.

— அந்த மேஜையில இருக்கிற மனுசன்கிட்ட நான் பேசி ஒன்பது வருஷம் ஆகுது, மாவிஸ். சத்தியமா சொல்றேன், வீட்டு அடுப்பு மட்டும் ரிப்பேர் ஆகலேன்னா உன் வாசப்படியவே மிதிச்சிருக்க மாட்டேன்.

— மாவிஸ், அவன்கிட்ட சொல்லு. நாற்காலி உன் பப்போடது, யாரு வேணா உக்காரலாம். என் தட்டுல மூச்சு விடாம இருந்தா சரிதான்.

— கேட்டுச்சா நெட்டு?

— எங்க ரெஜ் அண்ணன் பேசுறது மலைக்கு அந்தப் பக்கம் மேயுற ஆட்டுக்கே கேக்கும். சரி, உக்காந்துட்டேன். என்ன இருக்கு?

— மாட்டு ரோஸ்ட், வறுத்த உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி. முட்டையும் மாவும் அடிச்சுச் சுட்ட யார்க்‌ஷயர் புட்டிங் இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன், நல்லா உப்பி நிக்குது.

— புட்டிங்க மொதல்ல தனியாக் கொண்டா. கிரேவி நிறைய.

— சரிதான். எங்கம்மா வச்ச மாதிரியே இன்னும் புட்டிங்கத்தான் மொதல்ல தின்றான் பாரு, மாவிஸ். அத மட்டும் மறக்கல.

— நான் எதையுமே மறக்கலேன்னு அவருக்குச் சொல்லு, மாவிஸ். அப்படியே கிரேவி ஜாடிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.

— ஜாடியில பாதிதான் இருக்குன்னு அவனுக்குச் சொல்லு.

— அட, ரெண்டு முழ மேஜைக்கு நான் தபால்காரியா? இந்தா, ஜாடி நடுவுல. அங்க ஆறு பேரு பீருக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, நான் போறேன். கத்திய கறிமேல மட்டும் வைங்க, கண்ணுங்களா.

— மாவிஸ், கறி வாயில வச்சதும் கரையுதுன்னு அவன்கிட்ட சொல்லு.

— மாவிஸ் போயிட்டா.

— அப்போ இந்தக் கடுகுக் கிண்ணத்துக்கிட்ட சொல்றேன்.

— கடுகுக் கிண்ணமே, கரையுறது நெசந்தான்னு அவருக்குச் சொல்லு. ஓரத்துல முறுகிப்போன கொழுப்பு இருக்கு பாரு, சத்தியமா அதுக்காக இன்னொரு ஒன்பது வருஷம் சண்டை போடலாம்.

— சிரிக்க வைக்காதடா, வாய்ல பீரு இருக்கு.

— 'டா'ன்னது என்னையா, கிண்ணத்தையா?

— பாரு, உனக்கு எல்லாமே வெளையாட்டு. அப்பாவப் பொதைச்சுட்டு வந்து எல்லாரும் இங்க சாப்பிட உக்காந்தப்பவும் இப்படித்தான் எந்திரிச்சு நின்ன. 'எங்கப்பா சவப்பெட்டிக்கும் பேரம் பேசியிருப்பாரு'ன்ன. ஊரே சிரிச்சுது.

— அப்பா கேட்டிருந்தா அவருதான் மொதல்ல சிரிச்சிருப்பாரு, அண்ணே.

— சிரிச்சிருப்பாரு. ஏன் சிரிக்க மாட்டாரு? ஆறு மாசம் அவரைத் தூக்கி எடுத்துப் பாத்தவன் நான். எனக்குத்தான் அன்னைக்குச் சிரிப்பு வரல.

— அழுதுடக் கூடாதுன்னுதான் அப்படிப் பேசுனேன். வேற ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் ஒடைஞ்சுபோயிருப்பேன்.

— இத ஒன்பது வருஷம் கழிச்சு, உருளைக்கிழங்க மென்னுக்கிட்டே சொல்றான்!

— நீங்க கேக்கவே இல்லையே. ஆமா, உங்க கை ஏன் இப்படி நடுங்குது? கத்தி நிக்கவே மாட்டேங்குது.

— கறி கொஞ்சம் முரடு.

— இப்பத்தான் கரையுதுன்னீங்க.

— அப்போ குளிரு.

— கணப்ப ஒட்டி உக்காந்துக்கிட்டா? தட்ட இப்படித் தள்ளுங்க, நான் வெட்டித் தரேன்.

— விடுடா, எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும். இந்தாங்க. கைக்கு என்ன, சொல்லுங்க.

— மணிக்கட்டுல நரம்பு அழுந்துதாம். வியாழக்கிழமை ஆபரேஷன். ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லுது.

— ஆறு வாரமா? ஆடெல்லாம் குட்டி போடுற நேரமாச்சே! எத்தனை ஆடு?

— இருநூத்திப் பத்து.

— யாரு பாத்துப்பா?

— யாராவது. ரெண்டு மூணு பேருகிட்ட கேக்கணும்.

— யாரையும் கேக்க வேணாம். புதன்கிழமையே நான் வந்துடுறேன்.

— மாவிஸ், அவன்கிட்ட சொல்லு...

— மாவிஸ் இல்ல, அண்ணே. என்கிட்டயே சொல்லுங்க.

— உன் ரூமு அப்படியேதான் இருக்கு. மாசம் ஒருக்கா ஜன்னலத் தொறந்து காத்தாட விடுறேன். அதத்தான் சொல்ல வந்தேன்.

— அடடே, ரெண்டு தட்டும் கழுவி வச்ச மாதிரி இருக்கே! சண்டை போட்ட தட்டாத் தெரியலையே. இனிப்புக்கு ஆப்பிள் பையும் சூடா கஸ்டர்டும் கொண்டாரவா, கண்ணுங்களா?

— ரெண்டு பேருக்கும் கொண்டா, மாவிஸ். கஸ்டர்ட தாராளமா ஊத்து. சத்தியமா இந்த மழைக்கு ஒரு கும்பிடு போடணும். வேற இடம் காலியா இருந்திருந்தா நான் அங்கல்ல போய் உக்காந்திருப்பேன்?

— மழையாவது ஒண்ணாவது! பின்பக்க அறையில நாலு மேஜை காலியாக் கெடக்கு, போய்ப் பாரு. நீ எப்ப வந்தாலும் என் மேஜைக்கே அனுப்புன்னு மாவிஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்டா. சொல்லி ஏழு வருஷம் ஆகுது.