வரிக்குதிரைக்கு ஒரு அர்ச்சனை

அமெரிக்காவில், பேர்லேண்ட் ஊர்க் கோயிலில் பிள்ளையார் சந்நிதி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி. ஆப்பிரிக்காவில் காட்டு மிருகங்களைப் பார்த்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பினார்களாம். அந்தப் பெண் பக்கத்தில் நின்ற தோழியிடம் சொன்னாள்:

"இன்னிக்கு அர்ச்சனை வரிக்குதிரைக்குடி."

என் காது அங்கேயே போய்விட்டது.

"யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் முதல் நாளே பாத்தாச்சு. அப்புறம் ஒரு பொம்பளைச் சிங்கம், எங்க ஜீப்பை ஒட்டியே பதுங்கி வருது! அந்தப் பக்கம் வரிக்குதிரை குட்டியோட மேயுது. பிள்ளையாரப்பா, அதுங்களைக் காப்பாத்து, அர்ச்சனை பண்றேன்னு வேண்டிக்கிட்டேன். சிங்கம் பாஞ்சுது பாரு, ஒரே புழுதி! வரிக்குதிரை விட்டுச்சு ஒரு உதை, குட்டியோட ஓடியே போயிடுச்சு!"

"ஐயோ, செம!" என்றாள் தோழி.

"அத்தனை நாள் ஜீப்புல சுத்துனதே அந்த வேட்டையைப் பாக்கத்தான். இவ வேண்டிக்கிட்டுக் கெடுத்துட்டா," என்றார் புருஷன். "சரி, குருக்கள் நட்சத்திரம் கேட்டா என்ன சொல்லுவே?"

அதற்குள் குருக்களே வந்துவிட்டார். "யார் பேருக்கும்மா?"

அவள் வாயைத் திறக்குமுன் புருஷன் சொன்னார்: "ரெண்டு அர்ச்சனை பண்ணுங்க."

"ரெண்டாவது யாருக்கு?" என்றாள் அவள்.

"சிங்கத்துக்கு. புதருக்குப் பின்னாடி அதோட குட்டிங்க பசியோட நின்னுச்சே, பாக்கலையா?"

அவள் தட்டைக் குருக்களிடம் நீட்டினாள்.

"ரெண்டையும் சுவாமி பேருக்கே பண்ணிடுங்க."