வெள்ளிமலைச் சண்டைக்கு நான் போட்ட பேனர்

சாட்சி: சர்புதீன், வயது 43, த/பெ ஜான் பாஷா, பள்ளிவாசல் பின் தெரு, கள்ளக்குறிச்சி. தொழில்: பிளக்ஸ் பேனர் கடை. பதிவு செய்த நாள் 19.08.2025, காலை 11.20 மணி.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி ரஜியாவுடனும் இரண்டு மகள்களுடனும் குடியிருந்து வருகிறேன். பதினேழு வருடமாகக் கச்சிராயபாளையம் சாலையில் பேனர் அடிக்கும் கடை நடத்தி வருகிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் இந்தப் பக்கத்து முகங்கள் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். என் மீது இதுவரை வழக்கு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை இதே காவல் நிலையத்தில் ஒரு முறை விசாரிக்கப்பட்டேன். அப்போது எல்லாவற்றையும் சொல்லவில்லை. இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். பயத்தோடுதான் வந்திருக்கிறேன்.

எனக்குச் சிறு வயது முதல் குத்துச்சண்டை பார்ப்பதில் பைத்தியம் உண்டு. கையுறை மாட்டி ஒரு குத்துகூட விட்டதில்லை, பார்ப்பதோடு சரி. என்னைப் போல இந்தப் பக்கத்தில் பத்தொன்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வரும் என்பதால், ஞாயிறு எட்டு மணிக்கு என் கடையில் கூடிப் பெரிய திரையில் பார்ப்போம். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் செல்லமுத்துவும், அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கும் பாரதியும் தவறாமல் வருவார்கள். பணம் கட்டி யாரும் பந்தயம் வைப்பதில்லை. வாய்ச்சண்டை மட்டும் உண்டு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சண்டை பார்த்து முடித்த பிறகு, நடக்காத ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு யார் ஜெயிப்பார் என்று பேசுவோம். பேச்சு சூடானதும் அந்தச் சண்டைக்கு நான் ஒரு பேனர் டிசைன் செய்து குழுவில் போடுவேன். இடம், நாள், நேரம், எடை, எத்தனை ரவுண்டு எல்லாம் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அது சண்டையே இல்லை என்பது செல்லமுத்துவின் சட்டம். முகமது அலியையும் மைக் டைசனையும் உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடி அருகில் மோத விட்டிருக்கிறேன். அதைப் பார்த்து யாரும் உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறவில்லை. அதனால் எந்த பேனரிலும் 'கற்பனை' என்று நான் எழுதியதே கிடையாது.

கடந்த 10.08.2025 ஞாயிறு காலை கடையில் இணையம் வரவில்லை. சண்டை பார்க்க முடியாத கடுப்பில் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே பெரிய சண்டை 1975இல் அலியும் ஜோ பிரேசியரும் மணிலாவில் போட்டதுதான் என்று செல்லமுத்து சொன்னார். ஹாக்ளரும் ஹெர்ன்ஸும் மூன்றே ரவுண்டு போட்டதுக்கு முன்னால் எதுவும் நிற்காது என்று நான் சொன்னேன். "மூணு ரவுண்டு எல்லாம் ஒரு சண்டையா பாய்? நான் டிக்கெட் கிழிச்சி முடிக்கவே அதுக்கு மேல ஆவும்" என்று அவர் சிரித்தார். பாரதி மட்டும், "மணிலாவுல பதினாலாவது ரவுண்டு முடிஞ்சதும் இதுக்கு மேல உன்ன அனுப்ப மாட்டேன்னு பிரேசியரோட கோச் நிறுத்தினாரு பாருங்க, அதாங்க பெருசு" என்று சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினோம்.

அதன் பிறகு பேச்சு நம் ஊர்ப் பக்கம் திரும்பியது. வெள்ளிமலைக்கு அடுத்த மலைக் கிராமத்தைச் சேர்ந்த வேடியப்பன், வயது 23, மாநில அளவில் வெள்ளி வாங்கியவர், மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். உளுந்தூர்பேட்டை டயர் கடையில் வேலை செய்யும் தமிழரசன், வயது 27, மாவட்ட அளவில் இரண்டு முறை ஜெயித்தவர், ஒரு ஜாண் உயரம் அதிகம். இருவரும் மோதினால் யார் என்று செல்லமுத்து கேட்டார். அவர் தமிழரசன் என்றார். நான் வேடியப்பன் என்றேன். வேடியப்பனின் இடது கை வேகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் முன்பு பாராட்டு பேனர் அடித்த வகையில் படங்கள் என்னிடம் இருந்தன. அரை மணி நேரத்தில் பேனர் தயார் செய்து குழுவில் போட்டேன். இடம் வெள்ளிமலைத் திடல், நாள் 17.08.2025 ஞாயிறு, காலை 11 மணி, மூன்று ரவுண்டு என்று போட்டேன். கை வழக்கத்தில் அடியில் என் கடைப் பெயரையும் போன் எண்ணையும் போட்டேன்.

அதன் பிறகு சுதந்திர தின ஆர்டர்கள் வந்ததால் அதை மறந்துவிட்டேன். 13ஆம் தேதி புதன்கிழமை முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, சண்டைக்கு என்றார். மதியத்துக்குள் நாற்பது போன் வந்தது. என் பேனரே எனக்குத் திரும்பி வந்தது. அதன் மேல் யாரோ 'மலையா, நாடா?' என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். மலைக்காரர்களுக்கும் கீழ்நாட்டுக்காரர்களுக்கும் இடையில் இப்படி ஒரு கேள்வியை எழுதினால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். குழுவில் போட்டதை அழிக்கப் பார்த்தேன், அதற்கான நேரம் தாண்டியிருந்தது. உடனே 'இது கற்பனை, சண்டை கிடையாது' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அது இன்னும் மோசமானது. தமிழரசன் பயந்துபோய் பேனர்க் கடை பாயைப் பிடித்து நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று மலையில் பேசினார்கள், வேடியப்பன் பயந்துவிட்டார் என்று கீழே பேசினார்கள்.

தமிழரசனுக்குப் போன் செய்தேன். "இன்னா பாய் பண்ணி வெச்சிட்ட? எங்க ஓனரே லீவு குட்த்து வண்டியும் ஏற்பாடு பண்ணிட்டாரு. போவலன்னா நான் கடைக்கே போவ முடியாது" என்று சொன்னார். அவர் குரலில் ஆசை எதுவும் இல்லை.

14ஆம் தேதி வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வேடியப்பன் என் கடைக்கு வந்தார். வெயிலில் நிற்காமல் உள்ளே வந்து, கம்ப்யூட்டர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். போகாதே தம்பி என்று சொன்னேன். "ஊர்ல எல்லாம் பேசிட்டாங்க பாய். எங்க ஆளுங்க கெழங்கு வேலைய விட்டுட்டு திடல்ல மூங்கில் நட்டுக்கினு இருக்காங்க. நான் எப்பிடி வரமாட்டேன்னு சொல்றது?" என்று கேட்டார். ஏன் கண்ணைச் சுருக்குகிறாய் என்று கேட்டேன். இரண்டாம் தேதி பயிற்சியில் தலையில் பலமான அடி விழுந்ததாகவும், அன்று இரண்டு முறை வாந்தி எடுத்ததாகவும், அன்றிலிருந்து தலைவலி விடவில்லை என்றும், வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவதாகவும் சொன்னார். டாக்டரிடம் காட்டவில்லை. அடுத்த மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கான தேர்வு இருப்பதால், தெரிந்தால் தள்ளிவிடுவார்கள் என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய். எங்கம்மாவுக்கே தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சரி என்று சொன்னேன்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் சின்னக் குத்துகூட ஆளைக் கொன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். சிறு வயது முதல் குத்துச்சண்டை பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. அதை அவரிடமும் சொன்னேன். கிட்டவே வர விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிறு வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன விஷயம் என்று ரஜியா கேட்டதற்கு ஆர்டர் ஜாஸ்தி என்று சொன்னேன். போலீசுக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன். பேனரில் என் கடைப் பெயர் இருந்ததால் சொல்லவில்லை.

17.08.2025 ஞாயிறு காலை எட்டரை மணிக்கு நானும் செல்லமுத்துவும் பாரதியும் என் காரில் கச்சிராயபாளையம் வழியாகப் புறப்பட்டோம். எப்படியாவது பேசி நிறுத்திவிடலாம் என்பதுதான் எண்ணம். கோமுகி அணை தாண்டியதும் பைக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பைக்கில் என் பேனரைச் சட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை நான் அடிக்கவில்லை, வேறு எங்கோ அடித்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரு வேன் நின்றுவிட்டதால் ஒரு மணி நேரம் தாமதமானது.

நாங்கள் திடலுக்குப் போனபோது மணி 11.10 இருக்கும். அறுநூறு பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். நான்கு மூங்கில் நட்டு, லோடு கட்டும் கயிறு சுற்றியிருந்தார்கள். மலைக்காரர்கள் ஒரு பக்கம், கீழ்நாட்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரிந்து நின்றார்கள். தலைக்கவசம் இருவருக்கும் இல்லை. கபடிக்கு விசில் ஊதும் ஒருவர் நடுவராக நின்றார். முதல் ரவுண்டு தொடங்கியிருந்தது. பாரதி நடுவரிடம் போக வழி கேட்டுக் கத்தினார், யாரும் விடவில்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் தமிழரசன் பக்க மூங்கில் அருகே நின்றேன்.

அதன் பிறகு விசில் ஊதி ரவுண்டு முடிந்தது. தமிழரசன் என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். ஒரு நிமிட இடைவேளை இருந்தது.

இரண்டாவது ரவுண்டில் ஏறக்குறைய முப்பது வினாடியில் வேடியப்பனின் இடது கை தளர்ந்து கீழே இறங்கியது. தமிழரசனின் வலது கை வேடியப்பனின் காதுக்கு மேலே பட்டது. பலமான குத்து இல்லை. வேடியப்பன் விழவில்லை. திரும்பி நடந்து, தமிழரசனின் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, வாந்தி எடுத்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தார். கூட்டம் முதலில் சிரித்தது. பாரதி கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினார். தமிழரசன் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டே, "லேசாத்தான் பாய் தொட்டேன், லேசாத்தான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேடியப்பனை அவருடைய பிக்கப்பிலேயே ஏற்றினோம். கீழே இறங்கும் வரை தமிழரசன்தான் அவர் தலையை மடியில் வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேடியப்பனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். கச்சிராயபாளையத்தில் ஆம்புலன்ஸ் எதிரில் வந்து ஏற்றிக்கொண்டது.

மருத்துவமனையில், முன்பு தலையில் அடிபட்டது உண்டா என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த வேடியப்பனின் தாயார் ராணியம்மாள் எங்கள் எல்லோரையும் பார்த்து, "பதினஞ்சு நாளா சோறு எறங்காம படுத்துக்கினே கெடந்தான். இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்றான். உங்களுக்கு யாருக்குனா தெரியுமாங்க?" என்று கேட்டார். தெரியாதுங்கம்மா என்று நான் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து டாக்டரைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். ராணியம்மாளிடம் இன்று வரை சொல்லவில்லை. ஞாயிறு மாலை இந்த நிலையத்தில் கேட்டபோதும் சொல்லவில்லை. வேடியப்பனுக்கு அன்றே தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. இன்று மூன்றாவது நாள், கண் திறக்கவில்லை.

முன்பே அடிபட்டது தமிழரசனுக்குத் தெரியாது. தெரிந்து அடித்தார் என்று ஊரில் பேசுவது பொய். தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவரைக் காவலில் வைத்திருப்பதாக அறிந்துதான் நேராக இங்கே வந்தேன்.

இதைப் பதிவு செய்த உதவி ஆய்வாளர் செந்தமிழ்ச்செல்வி அவர்கள், இடைவேளையில் தமிழரசன் இரண்டு கை தூரத்தில் இருந்தும் ஏன் அவரிடம் சொல்லவில்லை, வேடியப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகவா என்று கேட்டார். ஆமாம் என்று முதலில் சொன்னேன். பிறகு அதை அடித்து நீக்கச் சொன்னேன். அந்த முதல் ரவுண்டின் கடைசி ஒரு நிமிடத்தை நான் பார்த்தேன். வேடியப்பன் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. அவ்வளவு உயரமான ஆளை இடது கையாலேயே கட்டி வைத்திருந்தார். நான் சொன்னதுதான் சரி, செல்லமுத்து சொன்னது தப்பு என்று எனக்குள் சந்தோஷமாக இருந்தது. நான்கு நாள் பயமும் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. சொன்னால் சண்டை நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது ரவுண்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

"இத எழுதணுமா பாய்? கேஸுக்கு இது வேண்டியதில்லையே. உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இதுவரை சொன்னது எல்லாம் நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான், யார் தூண்டுதலும் இல்லை, படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. போலீசிடம் தரும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. பின்னால் பயந்துபோய் நான் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே என் மேல் பயமாக இருப்பதால், நானாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சர்புதீன்

கையெழுத்து, சாட்சியின் வற்புறுத்தலின் பேரில் பெறப்பட்டது.
செந்தமிழ்ச்செல்வி, உதவி ஆய்வாளர்