தோளில் ஒரு கண்டல்

அரிப்புக் கிராமத்துக்குப் போகும் பேருந்து, இராணுவச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் சுவிசிலிருந்து வந்திருந்த தம்பியும் அவனுடைய அக்காவும்.

“அக்கா, போன கிழமை துவக்குச் சுட்டுப் பாத்தனான்.”

அக்கா திரும்பி, பின்னால் இருந்த எங்களைப் பார்த்தாள்.

“மெல்லக் கதை.”

“சுவிசில சுடப் பழகிற இடத்தில ஆரும் சுடலாம். கட்டைத் துவக்கு. ரவைக்கூடு கைப்பிடிக்குப் பின்னால, கன்னத்துக்குக் கிட்ட இருக்கும். காதுக்குள்ளயே வெடிக்கிற மாதிரிச் சத்தம். பயத்தில தோளோட இறுக்கி வைக்காமல் சுட்டிட்டன். இஞ்ச பார், துவக்கு இடிச்சுத் தோள் நீலமாக் கண்டிப்போச்சு.”

சட்டைப் பொத்தானுக்குப் போன அவன் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாத! தோளில துவக்கு இடிச்ச மாதிரி அடையாளம் கண்டா ஆமிக்காரர் என்ன செய்வாங்கள் எண்டு மறந்திட்டியோ?”

“அது சண்டைக்காலம். இப்ப ஆர் தோளைப் பாக்கிறாங்கள்? கேட்டாலும் உண்மையைச் சொல்லுறன்.”

எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அக்கா அவனுடைய கழுத்துப் பொத்தானையும் பூட்டிவிட்டாள்.

“பெரியண்ணாவும் உண்மையைத்தான் சொன்னவர், நெல்லு மூட்டை தூக்கின தழும்பெண்டு. இப்பிடித்தான் பஸ்ஸால இறங்கிப் போனவர். இன்னும் வரேல்ல.”