பழுது என்ற குறி

பெயர் வைக்காத கோப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. உங்கள் மேசையில் கலைந்து கிடக்கும் அந்தக் காகிதக் கட்டைக்கூட அடுக்கிவைக்கத் தோன்றுகிறது. பயம் வந்தால் இந்தப் பழக்கம் கூடும். இந்த விசாரணை அறைக்குள் நுழைந்ததிலிருந்து எனக்குப் பயம்தான். அதை மறைக்கப்போவதில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையம் மலைச் சரிவுகளில் மண் நகர்வதை அளக்கிறது. சரிவில் புதைத்த சென்சார்கள் ஓயாமல் எண்களை அனுப்பும். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது எந்தச் சரிவிலிருந்து வந்தது, எந்தக் கருவி, என்ன அலகு, நம்பலாமா கூடாதா என்று பக்கத்தில் எழுதிவைக்க ஒருவர் வேண்டும். மெட்டாடேட்டா என்பார்கள். அந்த ஒருவன் நான். கடைசியாக மூன்று குறிகளில் ஒன்றைப் போடுவேன்: நல்லது, சந்தேகம், பழுது. பழுது என்று குறித்த எண்ணை, சரிவின் கீழேயுள்ள வீடுகளை எச்சரிக்கும் அலாரம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

ஒரு எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் ஒரு குடியிருப்புக்கு மேலேயுள்ள சரிவில் ஒரு சென்சாரின் எண் திடீரென்று எகிறியது. அதே சரிவில் மற்றவற்றின் எண்கள் அசையவில்லை. பழுது என்று குறித்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். காரணம் எழுதாமல் விட்டால் கோப்பு சேமிக்க விடாது. ‘பொருத்திய இடம் தளர்ந்துள்ளது. தகவல்: கள ஊழியர்’ என்று எழுதினேன். கள ஊழியர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் படித்துப் பார்த்தபோது குறையில்லாமல் இருந்தது.

அந்தக் கள ஊழியரை நாங்கள் சேற்றுக்கால் என்போம். எப்போது வந்தாலும் துடைத்த தரையில் தடம் பதித்துவிட்டுப் போவார். அந்தச் சரிவின் அடியிலுள்ள குடியிருப்பில்தான் அவர் வீடு. மறுநாள் காலை போன் செய்தார்.

“சார், மேல் சென்சாரை ஏன் பழுதுன்னு போட்டிருக்கீங்க? இப்பதான் ஏறிப் பாத்துட்டு வர்றேன். அது அப்படியே நிக்குது. மண்ணுதான் நகருது.”

“மத்ததெல்லாம் அசையலையே.”

“மத்ததெல்லாம் பாறையில இருக்கு சார். நீங்க கம்ப்யூட்டரைத் தொடைச்சு வைக்கிற அழகுக்கு மலை நின்னுடுமா? அந்தக் குறிய எடுங்க. அலாரம் அடிச்சாத்தான் ஜனம் கிளம்பும். நான் வாயால சொன்னா, போன மழைக்கும் இதையேதான் சொன்னேன்னு சிரிக்கிறாங்க.”

“பாக்கறேன்.”

“பாக்க வேண்டாம் சார், எடுங்க. எம் பொண்ணு நிறைமாசம்.”

அவர் பக்கத்து மழை என் காதில் விழுந்துகொண்டிருந்தது. “பாக்கறேன்” என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

குறியை எடுப்பது ஒரு நொடி வேலை. ஆனால் யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்பது கோப்பில் அழியாமல் நிற்கும். அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது வெளியே வரும். இத்தனை வருஷத்தில் என் பெயரில் ஒரு திருத்தம் கிடையாது. வேறு நிலையங்களிலிருந்து என் கோப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அந்த ஒற்றைக் குறி கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அதனால் அந்தக் குறியைக் கம்ப்யூட்டரில் ஒரு விதியாக்கினேன். பக்கத்துச் சென்சார்களோடு ஒத்துப்போகாமல் எகிறும் எண் எதுவானாலும் தானாகவே பழுது ஆகிவிடும். எல்லாச் சரிவுகளுக்கும் அதே விதி. அதற்குப் பிறகு அந்த ஒன்று தனியாகத் தெரியவில்லை.

சாயங்காலம் என் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளும் அதே குடியிருப்பில்தான் இருந்தாள்.

“அதிசயமா இருக்கே, தொரை போன் பண்றார்?”

“பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து ரெண்டு நாள் இங்க இரேன்.”

“ஏன்டா, பாத்திரம் கழுவ ஆள் இல்லையா?”

“ஆமா,” என்றேன். சிரித்துக்கொண்டேதான் வந்து சேர்ந்தாள்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். தெரிந்துதானே கூப்பிட்டாய் என்று கேட்கிறீர்கள். தெரியும் என்பது பெரிய வார்த்தை. சந்தேகம் இருந்தது என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியும்போது சரிவு இறங்கியது. சேற்றுக்கால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாராம். மகளை முதலிலேயே வெளியே அனுப்பிவிட்டார். கடைசி வரிசைக்கு அவர் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடைசி வரிசை இப்போது இல்லை, அவரும் இல்லை.

முதலில் விசாரித்தவர்கள் பழியை அவர் தலையில் போட்டார்கள். கோப்பில் தகவல் சொன்னவர் அவர்தானே. நான் மறுக்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அக்காகூடக் கேட்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை என் அறைப் பக்கம் விடவில்லை. பிறகு ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் புகார் கொடுக்க வந்திருக்கிறாள்.

இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த விதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாச் சரிவுகளிலும். அவற்றின் அடியிலும் வீடுகள் இருக்கின்றன. நேற்றிலிருந்து மழை விடவில்லை. எந்த அலாரமும் அடிக்காது.

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்ததற்கு நன்றி. விதியை உடனே எடுக்க என் ஒருவனால்தான் முடியும், மற்றவர்கள் முயன்றால் நாள் கணக்கில் ஆகும். எடுத்துவிடுகிறேன். அந்த வீடுகளில் இருப்பவர்கள்மேல் எனக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். நிலையத்தின் கம்ப்யூட்டரில் சேற்றுக்காலின் பெயரிலுள்ள கணக்கை இன்னும் யாரும் மூடவில்லை. இந்தத் திருத்தம் அவர் பெயரில் பதியட்டும். அத்தனை பேரைக் காப்பாற்றியவர் என்று அவர் பெயர் நிற்கும். அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது. கத்தாதீர்கள் ஐயா. நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நொடியே எடுத்துவிடுகிறேன்.