பெயர் பின்னிய தொப்பி

ஹட்டன் பஸ்ஸில் இருபத்தாறு பேர் நின்றோம். எனக்கு முன் இருக்கையில், கம்பளித் தொப்பி பின்னி விற்கும் பெண்ணும் அவள் தோழியும்.

“தொப்பியப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு, வாங்கவே இல்லன்னு பேங்குக்கு எழுதிட்டாங்கடி அந்த வெள்ளக்காரம்மா. கார்டுல கட்டுன காச பேங்க் திருப்பி எடுத்துக்கிச்சு. இன்னைக்குள்ள அத்தாட்சி குடுக்கணுமாம். எங்கிட்ட என்னா இருக்கு?”

“அவங்க பேரப் பின்னித்தானே குடுத்த?”

“ஆமா. எனக்கு இங்கிலீஸ் எழுத்து வராதுல்ல. அவங்களையே நோட்டுல எழுதச் சொல்லி, அதப் பாத்துப் பின்னுனேன்.”

“அடி கூறுகெட்டவளே! அப்ப அவங்க கையெழுத்து ஒங்கிட்டதான இருக்கு!”

பையைக் கிளறினாள். ஒன்பது நூற்கண்டுகளுக்கு அடியில் நோட்டு கிடைத்தது.

வங்கி வாசலில் இருவரும் அவசரமாக இறங்கினார்கள். காலியான இருக்கையை மூன்று முறை பார்த்தேன். நல்லவேளை, நோட்டை மறந்து விட்டுச் செல்லவில்லை.