நீல மீனின் வெள்ளைப் புள்ளிகள்

ஐயா, கடல் மீனை மலையில் வளர்ப்பது கஷ்டமில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத் துரை பங்களாவின் கண்ணாடித் தொட்டியை நான்தான் பார்த்துக்கொண்டேன். கடல் தண்ணீர் கொழும்பிலிருந்து சாடிகளில் ரயிலேறி வரும். வட்டவளை ஸ்டேஷனிலிருந்து அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவருபவன் சோலைமலை.

துரை கொழும்புக்குப் புறப்பட்டபோது நீல மீனைக் காட்டி, அது செத்தால் நான் மறுபடி முள்ளுக் குத்தத்தான் போகவேண்டும் என்றார். தேயிலை மலையில் இரும்பு முள்ளால் மண்ணைக் குத்திக் கிளறியே என் தகப்பனாரின் முதுகு வளைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே மீனின் விலாவில் வெள்ளைப் புள்ளிகள் கண்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோயும் இப்படித்தான் தொடங்கும். சோலைமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தான்.

"மீனுக்கு அம்மை போட்டிருக்குண்ணே. வேப்பிலை கட்டுங்க. இல்லாட்டி ஒங்க அந்தோனியாருகிட்ட சொல்லுங்க, மீனுக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுனவருதானே."

"தண்ணியில என்னடா கலந்த?"

"நான் ஏண்ணே கலக்குறேன்? ஒரு சொட்டு சிந்தாம தூக்கியாந்திருக்கேன்."

அதில்தான் மாட்டிக்கொண்டான். அத்தனை மேடு ஏறிவரும் சாடி சிந்தாமல் வருமா? சிந்தியதற்கு ஓடைத் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பாகத்தான் இருந்தது. உப்பைக் கரைத்தும் ஊற்றலாம் அல்லவா?

கொப்புளத்துக்குத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. நோய் கண்ட கொழுந்தைக் கிள்ளிப் புதைத்துவிட வேண்டும். இரக்கப்பட்டால் மலை முழுக்கப் பரவும்.

மறுநாள் அவன் சாடியை இறக்கக் குனிந்தபோது விறகுக் கட்டையால் பின்மண்டையில் அடித்தேன். கைகளைக் கட்டினேன். வாயில் துணியை அடைத்தேன். சத்தம் கேட்டால் மீன் மிரளும். விழித்ததும், ஓடைத் தண்ணீர்தானே என்று பொறுமையாகக் கேட்டேன். தலையை இடமும் வலமும் ஆட்டினான். பொய்யர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் ஒரு விரலை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். பிறகு இன்னொன்று. கடைசியில் ஆமாம் என்பதுபோல் தலை தொங்கியது. எனக்கு அது போதும். கழுத்தை அறுத்து, உரக்குழியில் புதைத்தேன். கத்தியைக் கழுவி, எண்ணெய் தடவி, இருந்த ஆணியிலேயே மாட்டினேன். அவன் மனைவி மீனம்மா தேடிவந்தபோது ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

துரை திரும்பிவந்து தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். இந்தச் சாதி மீன் பருவத்துக்கு வரும்போது விலாவில் வெள்ளைப் புள்ளி விழுமாம். நல்ல கடல் தண்ணீர் கிடைத்தால்தான் விழுமாம். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், தண்ணீரில் எதுவும் கலக்கவில்லை என்றால் சோலைமலை அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயில் துணி இருந்தது உண்மைதான். முந்தின நாள் இல்லையே, ஐயா.