ஓர் ஆறு, இரண்டு இருபத்து நான்கு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் சுலோசனா ஹெக்டே அவர்களே, அக்கரையிலிருந்து அலுப்புப் பாராமல் வந்திருக்கும் மூத்தோரே, பாக்கு உரிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வந்த தாய்மாரே, வணக்கம்.

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வழி தவறாமலிருக்க முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:

1. நம் சீகெஹொளெ ஆற்றுக்கு வரப்போவது என்ன?
2. ஆராயாமலே அனுமதி கிடைத்தது எப்படி?
3. இன்று நாம் நிறைவேற்ற வேண்டிய தீர்மானம்.

"மேஷ்ட்ரே, கடைசியில பரீட்சை உண்டா?"

இல்லை, தம்மய்யா. என் வகுப்பில் நீங்கள் அன்றும் தேறவில்லை, உட்காருங்கள்.

ஒரு நிறுவனம் ஆற்றை மறித்து, குழாயில் இறக்கி, மின்சாரம் எடுக்கப்போகிறது. மின்சாரம் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் குழாயில் புகும் தண்ணீர் கோயில் மடுவைத் தாண்டித்தான் வெளியே வரும். நாம் தூண்டில் போடாத, வலை வீசாத, நேர்ந்துகொண்டு அரிசி தூவுகிற தேவர மீன்கள், அந்தச் சாமி மீன்கள், எங்கே போகும்? மடுவை ஒட்டிய லலிதாக்காவின் பாக்குத் தோட்டம் எதைக் குடிக்கும்?

விதி என்ன சொல்கிறது? இருபத்தைந்து மெகாவாட்டைத் தொட்டால் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும், தொடாவிட்டால் வேண்டாம். நிறுவனம் என்ன செய்தது? இந்தக் கரையில் ஓர் இருபத்து நான்கு, அந்தக் கரையில் ஓர் இருபத்து நான்கு! தாள் இரண்டு, தண்ணீர் ஒன்று! பெயர் இரண்டு, பேராசை ஒன்று!

அவர்களுடைய அதிகாரியிடம், "இரண்டையும் கூட்டினால்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தார். "கூட்டணும்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றார்.

ஆகவே மூன்றாவது: அந்த எல்லையை ஐந்து மெகாவாட்டாகக் குறைக்கும்படி அரசை...

"அஞ்சுன்னா நாலு நாலா வெட்டிக்கிட்டு வருவான், மேஷ்ட்ரே! வெட்டுறதுக்கு அவன்கிட்ட கத்தி இருக்கு. நம்மகிட்ட ஆறு ஒண்ணுதான் இருக்கு!"

லலிதாக்கா, நில்லுங்கள். உட்கார வேண்டாம். சொன்னதையே இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள், தலைவர் எழுதிக்கொள்ளட்டும்.

சபையோரே, எத்தனை மெகாவாட் என்று இனிக் கேட்க வேண்டாம். எந்த ஆறு என்று கேட்போம்! எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று கேட்போம்! ஓர் ஆற்றில் எத்தனை திட்டம் வந்தாலும் ஒன்றாகக் கூட்டு, ஒன்றாக ஆராய், ஆராய்ந்து முடிக்கும்வரை ஆற்றில் ஒரு கல்லையும் அசைக்காதே! இதுதான் தீர்மானம். ஏற்பவர்கள் கையை உயர்த்துங்கள். இன்னும் உயர... தம்மய்யா, இரண்டு கை வேண்டாம், ஒன்று போதும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, ஐந்து மெகாவாட் என்று நான் எழுதித் தந்த மூன்றாவது குறிப்பை அடித்துவிடுங்கள். அது தவறு.